பட்டிக்குள் வந்த கறுப்புத் துணி

லிந்திலே இறந்து ஒன்பது மாதம் ஆகியும் அவனுடைய பொருள்கள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. தொப்பி ஆணியில். சுரங்கத்துக்குப் போட்டுப்போன பூட்ஸ் கட்டிலுக்கடியில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. சவரக் கத்தி ஜன்னல் விளிம்பில், நுரை காய்ந்த வெள்ளைத் தடத்தோடு. துப்பாக்கி, படுக்கையறைச் சுவரில் நான்கு போல்ட்டு போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள்.

மனைவி துக்கத்துக்கு உடுத்திய கறுப்புத் துணியைக் களைகிற நாள்வரை இறந்தவனின் பொருளை வாசல் தாண்ட விடுவதில்லை. வருடம் முடிந்து, பீர் காய்ச்சி, கறுப்புத் துணியை எரித்த பிறகுதான் தொப்பி யாருக்கு, பூட்ஸ் யாருக்கு என்று பெரியவர்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். அந்த மலைச்சரிவில் இதை யாரும் ஒரு விதியாக நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மழைக்கு முன் கூரையைச் சரிபார்ப்பதைப் போல, செய்வார்கள், அவ்வளவுதான்.

வதிஸ்வாவும் அப்படித்தான் இருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் பிங்கா குலத்தில் பிறந்தவள், அதனால் ஊருக்கு அவள் மாம்பிங்கா. இருபது வயதில் ஜோலா குலத்து வீட்டுக்கு மருமகளாக வந்தாள். இப்போது நாற்பத்து நான்கு. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் உடைத்த சோளமும் பயறும் வேகவைத்து இருநூறு பிள்ளைகளுக்கு ஊற்றுகிற வேலை. லிந்திலே வருடத்தில் பதினொரு மாதம் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். அவன் அனுப்பியதில் வாங்கிய செம்மறிகளை வளர்த்தது அவள்தான். ஆனால் வீட்டின் பட்டிக்குள் மருமகள் கால் வைக்கக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் கல்சுவருக்கு வெளியே நின்றே செய்தாள். குட்டிகளைச் சுவருக்கு மேலாக வாங்கி மருந்து புகட்டினாள். நொண்டுகிற ஆட்டை வாசலுக்கு ஓட்டிவரச் சொல்லிக் குளம்பைச் சீவினாள். ஒவ்வொரு ஆட்டின் முகமும் தெரியும். பட்டிக்குள் தரை எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

நாற்பத்தாறு செம்மறிகள். லிந்திலேயின் நுரையீரலில் படிந்த தூசிக்கு மிச்சமாக அந்த வீட்டில் இருந்தது அவைதான்.

அதனால்தான் அவன் துப்பாக்கி வாங்கினான். எல்லைக்கு அந்தப் பக்கம் லெசோத்தோ நாடு. இந்தப் பக்கத்து ஆட்டுத் திருடர்களும் அந்தப் பக்கத்து ஆட்டுத் திருடர்களும் மலையில் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சு. இரட்டைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸ் வர இரண்டரை வருடம் ஆனது. வந்த பிறகு அவன் எட்டு மாதம்தான் இருந்தான். சாகும் வாரத்தில், பேச மூச்சு போதாமல், பெட்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். அவள் அதைத் தன் கறுப்புச் சட்டையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டாள்.

ஆறாம் மாதம் அவள் நகரத்துக்குப் போய்த் துப்பாக்கிப் பயிற்சியில் சேர்ந்தாள். அங்கே தேறித் தாள் வாங்கினால்தான் தன் பேரில் லைசென்ஸ் கேட்க முடியும். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சோடு கிழவிகள் அனுப்பினார்கள். டிராக்டர் உதிரிபாகக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பத்து ஆண்கள், அவள் ஒருத்தி. துக்கத் துணி போட்டவளுக்கு எங்கேயும் இடம் கதவோரம்தான், அவள் அங்கேயே உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்தவர் ஃபோர்ட்டுயின் என்ற பழைய போலீஸ்காரர். ஒரு காலை இழுத்து நடப்பார்.

"ஒருத்தன் உன் ஆட்ட ஓட்டிட்டுப் போறான். கையில கம்பு மட்டுந்தான். உன்கிட்ட துப்பாக்கி இருக்கு. என்ன பண்ணுவ?" என்று முதல் வரிசையைக் கேட்டார்.

"கால்ல சுடுவேன்" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் சினிமாவுல. பயத்துல கை ஆடும்போது காலுக்கு வெச்ச குறி வயித்துல போயி நிக்கும். செத்தான்னு வை. அவனுக்கு ஆடும் இல்ல, உனக்கு ஆடும் இல்ல. உன் தலைமேல கொலைக் கேஸு. வக்கீல் மந்தையை மொத்தமா தின்னுட்டு, பட்டிக் கதவு வெறகுக்கு ஆகுமான்னு கேப்பான்."

கொட்டகை சிரித்தது.

"இப்ப சிரிச்சுக்கோங்க. துப்பாக்கி உசுருக்கு. ஆட்டுக்கு இல்ல, டிவிக்கு இல்ல, காருக்கு இல்ல. புஸ்தகத்துல அங்கங்க வேற மாதிரியும் எழுதியிருப்பாங்க, வக்கீலுங்க அத வெச்சு வருஷக்கணக்கா மல்லுக்கட்டுவாங்க. நீ அதுக்குள்ள போயி விழாத. உசுரு இந்த நிமிஷமே போகப்போகுது, வேற வழியே இல்ல, அப்ப மட்டுந்தான். முதுகு காட்டி ஓடுறவன் உன் உசுர எடுக்க மாட்டான்."

"வானத்தப் பாத்து ஒண்ணு போட்டா?"

"மேல போனது கீழ வரும். யாரு தலையில எறங்கணும்னு விலாசம் எழுதி அனுப்புவியா?"

"அப்ப எதுக்கு சார் இத்தன பணம் கட்டி இத வாங்கணும்?"

"இருபது வருஷமா நானும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கதவோரத்திலிருந்து வதிஸ்வா கேட்டாள்: "உசுருன்னா நம்ம உசுரு மட்டுமா, சார்?"

"உன் உசுரு, இல்ல இன்னொருத்தன் உசுரு."

"இன்னொருத்தன்னா?"

"யாரா இருந்தாலும். சட்டம் குலம் கோத்திரம் கேக்காது."

தேநீர் வேளையில் அவர் காலை இழுத்தபடி அவள் அருகில் வந்தார். "வீட்டுக்காரரோட துப்பாக்கிதானே? இப்ப எங்க இருக்கு?"

"பெட்டியில."

"யாரு வீட்டுப் பெட்டியில?"

அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இத நான் கேக்கல, நீங்களும் சொல்லல. ஆனா காதுல வாங்கிக்குங்க. லைசென்ஸ் அவரோட சேந்து செத்துப் போச்சு. அது இப்ப உங்க வீட்டுல இருக்கறதே குத்தம். பதினஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போட எடமிருக்கு. திங்கக்கெழம மொத வேலையா ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்குங்க. உங்க பேருக்கு லைசென்ஸ் வந்தா அவங்களே திருப்பித் தருவாங்க."

அன்று மாலையே அவள் போனகேலேயிடம் சொன்னாள். லிந்திலேயின் அண்ணன். வீட்டுக்கு இனிப் பெரியவர் அவர்தான். குலப்பேரால் ஜோலா என்றுதான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

"தொப்பியவே யாரும் தொடல. துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயி போலீஸ்ல குடுக்கவா?" என்றார்.

"தொப்பிக்கு லைசென்ஸ் கிடையாதே, ஜோலா."

"உனக்கு வாய்க்குக் குறைச்சல் இல்ல, மாம்பிங்கா. இன்னும் ஆறு மாசம். துணி கழட்டுற அன்னிக்கு நானே கொண்டுபோயிக் குடுக்கறேன். அதுவரைக்கும் அது செத்தவனோட சாமான். நீயும் நானும் அதுக்கு யாரு?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. மூத்தவர் சொல் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் இரவில் நாய் குரைக்கும்போது அவள் விரல் தானாகச் சட்டை மடிப்பைத் தேடிப் போகும். சாவியின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவினால் தூக்கம் வரும். பெரியவர் சொன்னதற்காகத்தான் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதா, அல்லது பெரியவர் சொன்னது தனக்குச் சௌகரியமாகப் போய்விட்டதா என்று அவள் கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

அங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம்; பனி இறுகியது. சினையாடுகள் ஈனத் தொடங்கியதால் மந்தையை மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியிலேயே அடைத்துத் தீவனம் போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை எதிர்மலையில் ஒரு சாவு அடக்கம். விடிந்ததும் ஊர் மொத்தமும் கிளம்பிப் போனது. ஆண்கள் குழி மூட, பெண்கள் சமைக்க. துக்கத் துணியில் இருப்பவள் இன்னொரு வீட்டுச் சாவுக்குப் போகக் கூடாது என்பதால் வதிஸ்வா மட்டும் வீட்டில். அடக்கமெல்லாம் சனிக்கிழமையில்தான் நடக்கும்; பத்து மணிக்கு மேல் மலைச்சரிவில் ஆம்பிளை இருக்கமாட்டான் என்பது திருடனுக்கும் தெரியும். அவன் வீட்டிலும் சாவு விழும்தானே.

பதினொரு மணி இருக்கும். அடுப்படி ஜன்னலில் பட்டியின் வாசல் திறந்திருப்பதைப் பார்த்தாள். மூன்று பேர், இரண்டு நாய்கள். கத்தல் இல்லை, அவசரம் இல்லை. கம்பளி போர்த்திக்கொண்டு, தங்கள் சொந்த ஆடுகளைப் போல ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஈன்று மூன்று நாளான குட்டி ஒன்று பின்தங்கியது. ஒருவன் குனிந்து அதைக் கம்பளிக்குள் எடுத்து வைத்துக்கொண்டான்.

அவள் முதலில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"எத்தன பேரு? ஆயுதம் இருக்கா?"

"மூணு பேரு. கம்பு தெரியுது. வேற தெரியல. சீக்கிரம் வாங்க."

"வேன் ஒண்ணுதாம்மா. விபத்துக்குப் போயிருக்கு. ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க வெளிய வராதீங்க, கதவச் சாத்திக்குங்க."

போனகேலேக்குப் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். ஜெபம் நடக்கும் நேரம். இன்னும் நான்கு பேருக்குப் போட்டாள். எல்லோரும் ஜெபத்தில்தான் இருந்தார்கள்.

மந்தை வறண்ட ஓடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஓடையைத் தாண்டினால் பாறை. பாறையைத் தாண்டினால் மூடுபனி. அதற்கப்புறம் நாற்பத்தாறு ஆடு என்பது ஸ்டேஷனில் ஒரு கேஸ் நம்பர்.

பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தாள். பெட்டியைத் திறந்தாள். இரண்டு தோட்டாக்களை எடுத்தாள். ஒன்று கைநழுவிக் கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டு, லிந்திலேயின் பூட்ஸில் முட்டி நின்றது. மண்டியிட்டு எடுத்து, இரண்டையும் துப்பாக்கியில் போட்டாள்.

சரிவில் ஓடினாள். கறுப்புப் பாவாடை காலில் சுற்றியது. அறுபது அடி தூரம் வந்ததும் கத்தினாள்.

"டேய்! நில்லுங்கடா! ஆட்ட விடுங்கடா!"

மூவரும் திரும்பினார்கள். ஒருவன் சிரித்தான். "ஏ பாரு, காக்கா வருது" என்றான்.

பிறகுதான் அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. மூவரும் முதுகைக் காட்டி ஆடுகளை விரட்டத் தொடங்கினார்கள்.

முதுகு. அவள் குழலுக்கு மேலாக அந்த மூன்று முதுகுகளையும் பார்த்தாள். நடுவில் இருப்பவனின் கம்பளியில் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டில் குறி வைப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. இருபத்து நான்கு வருடம் ஒரு விரலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. தகரக் கொட்டகையில் சிரித்த ஆண்களின் சத்தம் காதில் கேட்டது. அவள் குழலை இடப்பக்கம் திருப்பி, ஓடையின் செம்மண் கரையில் சுட்டாள்.

மலை முழுக்க இடித்தது. மண் பொரிந்து விழுந்தது. நாய்கள் ஊளையிட்டுச் சிதறின, ஆடுகள் நாலாபக்கமும் பிய்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பின. இரண்டு பேர் பாறையில் ஏறி மறைந்தார்கள். சிவப்புக் கோட்டுக் கம்பளிக்காரன் ஓடையில் குதித்தான். பனி உறைந்த கல்லில் கால் வழுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

அவன் கம்பளிக்குள் குட்டி கத்திக்கொண்டிருந்தது.

"சுடாதீங்கம்மா. சுடாதீங்க. இந்தாங்க உங்க குட்டி" என்று அவன் அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். இருபது வயது இருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை.

"பேரு என்னடா?"

"மெலிகாயா."

அவள் குட்டியை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபோர்ட்டுயின் இதைச் சொல்லித்தரவில்லை.

வெடிச்சத்தம் எதிர்மலைக்குப் போயிருந்தது. அரைமணி நேரத்தில் ஆண்கள் வந்தார்கள், அடக்கத்துக்குப் போட்ட கோட்டும் கையில் தடியுமாக. முன்னால் போனகேலே. அவருக்குப் பின்னால் டும்சானி, போன குளிர்காலத்தில் அறுபது ஆட்டையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன். ஆடுகளைப் பட்டியில் அடைத்தார்கள். மெலிகாயாவை இரண்டு பேர் கக்கத்தில் பிடித்து இழுத்துவந்து பட்டிக்குள் போட்டார்கள்.

"மாம்பிங்கா! ஆம்பிளைங்க செய்யாதத செஞ்சுட்ட!" என்று டும்சானி கத்தினான். "லிந்திலே சுரங்கத்துல வெடி வெச்சான், பொண்டாட்டி வீட்டுல வெடி வெக்கறா!"

சிலர் சிரித்தார்கள். அவளுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. நாற்பத்தாறும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

போனகேலே அவளைச் சுவரோரம் தனியாகக் கூப்பிட்டார்.

"போலீசுக்குச் சொன்னியா?"

"சொன்னேன். ரெண்டு மணி நேரம்னாங்க."

"சுட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. துப்பாக்கியப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவர் மூச்சை விட்டார். "நல்லதாப் போச்சு. அப்ப துப்பாக்கியப் பாத்தது நாம, அப்புறம் அவன். ஓடிப்போனவனுங்க ஸ்டேஷன் பக்கமே வரமாட்டானுங்க. நாம பேச மாட்டோம்." பட்டிப் பக்கம் பார்க்காமலே தலையை அசைத்தார். "அவன் ஸ்டேஷன்ல போயி உக்காந்தான்னா மொத வார்த்தையே, பொம்பள துப்பாக்கிய நீட்டுனா, கால் ஒடஞ்சதே அதாலதான்னு சொல்லுவான். திருடனுக்கு ரெண்டு வருஷம். உனக்குப் பதினஞ்சு. உன்ன அனுப்பிட்டு இந்த ஆட்ட நான் யாருக்காக மேய்க்கறது?"

"என்ன சொல்றீங்க, ஜோலா?"

"ஒண்ணும் சொல்லல. ஊர்க்காரங்க கோவத்துல அடிச்சாங்க, யாரு அடிச்சாங்கன்னு தெரியல. மாசத்துக்கு ஒரு எடத்துல நடக்கறதுதான். நீ உள்ள போ. துப்பாக்கியப் பெட்டியில வெச்சுப் பூட்டு. டீ போடு."

அவள் உள்ளே போனாள்.

அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. உள்ளே போனாள், அடுப்பில் கெட்டிலை வைத்தாள், கோப்பைகளை வரிசையாக எடுத்து வைத்தாள். பட்டியிலிருந்து முதல் அடியின் சத்தம் வந்தபோது சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். ஈரச் சாக்கைக் கல்லில் அடிப்பது மாதிரி. அடுத்தது. அவன் அம்மாவைக் கூப்பிட்டான். டும்சானி, "அறுபது! எண்ணுடா, அறுபது!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

டும்சானி தன் ஆட்டுக்காக அடிக்கிறான். அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் மற்றவர்கள் அடிப்பது அவளுக்காக. அவள் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு அடியும். குறி வைக்காமல் மண்ணில் சுட்ட அந்தத் தோட்டா மண்ணில் நிற்கவில்லை. சுற்றி வளைத்து, அவள் அடுப்படி வழியாக, அவனிடமே போய்க்கொண்டிருந்தது.

கெட்டில் கொதித்து மூடி தட்டியது. அவள் போனை எடுத்தாள்.

"காலையில ஆடு திருட்டுன்னு கூப்பிட்டேனே, அவதான். எழுதிக்குங்க. ஒரு திருடன் உசுரோட இருக்கான். கால் ஒடஞ்சிருக்கு. ஜனங்க அடிக்கறாங்க. இன்னொண்ணும் எழுதிக்குங்க. நான் துப்பாக்கியால சுட்டேன். செத்துப்போன என் வீட்டுக்காரரோடது. எனக்கு லைசென்ஸ் இல்ல."

"உங்க பேரு?"

முழுப் பேரும் சொன்னாள். எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

வெளியே வந்தாள். பட்டி வாசலில் நின்று, "நிறுத்துங்க!" என்றாள். யாரும் திரும்பவில்லை. பன்னிரண்டு முதுகுகள் தெரிந்தன. நடுவில் அவன் சுருண்டு கிடந்தான், காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆடுகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கின.

துப்பாக்கியை எடுத்து வந்திருக்கலாம். இன்னொரு தோட்டா இருந்தது. இன்னொருத்தன் உசுரு, இந்த நிமிஷமே, எல்லாம் சரியாக வந்தது. ஆனால் குழலுக்கு எதிரில் நிற்பது யார்? போனகேலே. இவளுக்குக் குழந்தை தங்காமல் போன மூன்று முறையும் குதிரையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். எந்த முதுகில் குறி வைப்பது?

வாசலின் தாழ்ந்த கல்லைத் தாண்டி அவள் பட்டிக்குள் கால் வைத்தாள். தரை அவள் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது.

முதலில் பார்த்தது ஒரு கிழவர். "ஐயோ" என்று பின்வாங்கினார். துக்கத் துணியோடு ஒரு மருமகள், சினையாடு நிற்கிற பட்டிக்குள். அந்தத் துணியின் இருட்டு பட்டால் குட்டிகள் செத்துப் பிறக்கும், ஆண்களின் கை விழுந்துபோகும். நம்பிக்கை இல்லாதவர்களும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. அவள் ஓர் அடி வைக்க, ஆண்கள் ஓர் அடி விலகினார்கள். டும்சானி மட்டும் தடியை ஓங்கியபடி நின்றான்.

"வெளிய போ, மாம்பிங்கா! புத்தி கெட்டுப் போச்சா?"

அவள் தோளிலிருந்த கறுப்புச் சால்வையை எடுத்தாள். அதை உடம்பைவிட்டு எடுக்கவே கூடாது. எடுத்து, கீழே கிடந்தவன் மேல் தலையோடு மூடினாள். பிறகு அவன் பக்கத்தில் சாணத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப அடி" என்றாள்.

டும்சானியின் தடி மேலேயே நின்றது. அந்தத் துணியில் அடிப்பது செத்தவனை அடிப்பது. லிந்திலேயும் அவனும் ஒரே பருவத்தில், பையன் ஆம்பிளையாகும் சடங்கை முடித்தவர்கள்.

"உன்ன உள்ள தள்ளப் போறவன்டி அவன்!" என்றார் போனகேலே. இத்தனை வருடத்தில் அவர் அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

"அவன் சொல்ல வேண்டியதில்ல, ஜோலா. நானே சொல்லிட்டேன். இப்பத்தான், போன்ல. பேரு எழுதிக்கிட்டாங்க. இனி இவன் செத்தா, எனக்காகச் சாகல. சும்மா சாவான். அப்புறம் இங்க நிக்கற பனிரெண்டு பேருக்கும் கொலைக் கேஸு."

டும்சானி தடியை இறக்கி, அதன்மேல் சாய்ந்து, திடீரென்று அழுதான். "என் அறுபது ஆட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டான். அவன் கேட்டது தவறு என்று அன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

போனகேலே தன் தடியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "பொறுத்து வந்த துக்க வருஷத்த ஒடச்சுட்ட. மொதல்லேர்ந்து திரும்ப ஒரு வருஷம் போடணும், தெரியுமா?"

"தெரியும்."

"டீ?"

"அடுப்புல இருக்கு. சர்க்கரை போட்டாச்சு. நீங்களே எடுத்துக்குங்க."

வேன் வர மேலும் ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் எழவில்லை. சால்வைக்கு அடியிலிருந்து அவன் ஒரு தடவை, "குளுருது" என்றான். அவளுடைய கோபம் அப்படியேதான் இருந்தது. அவனைத் தொடவில்லை.

சார்ஜன்ட் சிகிடி என்ற பெண் வந்தாள். வதிஸ்வா வீட்டுக்குள் போய், கொட்டகையில் கற்றுக்கொண்டபடி, குழலை மடித்துத் திறந்த துப்பாக்கியை ஒரு கையிலும், மீதித் தோட்டாவை மறுகையிலும் எடுத்துவந்தாள். வெடித்துக் காலியானதையும் குழலிலிருந்து எடுத்து வைத்திருந்தாள்.

"யாரு சுட்டது?"

போனகேலே வாயைத் திறந்தார். அதற்குள் வதிஸ்வா, "நான்" என்றாள்.

"எத நோக்கி?"

"மண்ண நோக்கி. கரையில ஓட்டை இருக்கும், பாத்துக்குங்க."

"ஏம்மா, ஒன்பது மாசமா இத ஏன் குடுக்கல?"

வதிஸ்வா ஆணியில் தொங்கும் தொப்பியை நினைத்தாள். பெரியவர் பேரைச் சொல்லலாம். வழக்கத்தைச் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

"குடுக்க மனசு வரல" என்றாள். அதுவும் உண்மை.

சார்ஜன்ட் அதை அப்படியே எழுதினாள்.

வேனின் பின்கூண்டில் எதிரெதிர்ப் பலகை. மெலிகாயாவை ஒன்றில் படுக்க வைத்தார்கள், அவள் மற்றதில் உட்கார்ந்தாள். குலுங்கிக் குலுங்கி இறங்கும்போது அவன் சால்வையை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தான். மறு கண் வீங்கி மூடியிருந்தது.

"துணி வேணுமாம்மா?"

"வெச்சுக்கோ. அது இனி ஆகாது."

கம்பி வழியாகப் பட்டி தெரிந்தது. போனகேலே வாசலை மூடிக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவளை வெளியே விட்டார்கள். கேஸ் அக்டோபரில் முடிந்தது. குற்றம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டாள். தண்டனையை ஐந்து வருடத்துக்கு நிறுத்திவைத்த நீதிபதி, இனி இவள் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி இல்லாதவள் என்றும் எழுதினார். கொட்டகையில் தேறி வாங்கிய தாள் செல்லாமல் போயிற்று. துப்பாக்கி அரசாங்கத்துக்குப் போனது. மெலிகாயாவுக்கு மூன்று வருடம். அவன் சாட்சியத்தில் அவள் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று வக்கீல் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பட்டியில் இரண்டு குட்டிகள் செத்துப் பிறந்தன. போன வருடமும் இரண்டுதான் என்று அவள் மட்டும் எண்ணிச் சொன்னாள். இப்போது சாவு அடக்கத்துக்குப் போகும்போது முறை வைத்து ஆறு ஆண்கள் சரிவில் தங்குகிறார்கள். அதைத் தொடங்கி வைத்தவன் டும்சானி. அவன் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

அவள் புதிய கறுப்புத் துணியில் இரண்டாவது வருடம் இருக்கிறாள். இரும்புப் பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்தால் சுவரும் வரும் என்பதால் அது அங்கேயே இருக்கிறது. எலிக்குப் பயந்து அதில் சர்க்கரை வைத்திருக்கிறாள். நாய் குரைக்கிற இரவுகளில் கை பழையபடி, சாவி இல்லாத சட்டை மடிப்புக்குப் போகிறது. பிறகு எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு, போனகேலேயின் கதவைத் தட்டப் போகிறாள்.